ஹிட்லர் கடைசி வரை காத்திருந்த படை... ஏன் வரவில்லை? யார் இந்த ஜெனரல் வெங்க்?

ஹிட்லர் கோபத்தில் கத்தும் அந்த மீம் வீடியோவைப் பார்க்காதவர்கள் ரொம்பக் குறைவு. நடுங்கும் கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். ஒருசிலரைத் தவிர மற்றவர்களை அறையை விட்டு வெளியே போகச் சொல்வார். அப்புறம் தொண்டை கிழியக் கத்துவார். கீழே சப்டைட்டிலில் கிரிக்கெட் தோல்வி முதல் அப்ரைசல் வரை அவரவர் சோகத்தை எழுதியிருப்பார்கள்.

2004-ல் வெளியான 'டவுன்ஃபால்' என்ற ஜெர்மன் படத்தின் காட்சி அது. நிஜத்தில் நடந்த ஒரு கூட்டத்தை வைத்து எடுத்தது. தேதி, 1945 ஏப்ரல் 22. சோவியத் படைகள் பெர்லினைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தன. ஸ்டைனர் என்ற தளபதி நடத்த வேண்டிய தாக்குதல் நடக்கவே இல்லை என்று தெரிந்ததும் ஹிட்லர் உடைந்துபோனார். மீம் அதோடு முடிந்துவிடும்.

ஆனால், அந்தக் கூட்டம் அதோடு முடியவில்லை. ஸ்டைனர் இல்லையென்றால் வேறு யார் என்று தேடியபோது ஒரு பெயர் வந்தது: வால்டர் வெங்க். அப்போதைக்கு அவருடைய படைக்கு வயது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த எட்டு நாட்கள், அதாவது தற்கொலை செய்துகொள்ளும் நாள் வரை, வெங்க் எங்கே என்றுதான் ஹிட்லர் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

வெங்க் பெர்லினுக்கு வரவே இல்லை. கையில் இருந்த படையை அவர் வேறு ஒரு வேலைக்குப் பயன்படுத்தினார். அது என்ன வேலை, அதற்காக அவரை ஹீரோ என்று சொல்லலாமா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பதினோரு வயதில் ராணுவப் பள்ளி

எல்பே நதிக்கரையில் உள்ள விட்டன்பர்க் ஊரில் 1900 செப்டம்பர் 18-ல் பிறந்தவர் வால்டர் வெங்க். மார்ட்டின் லூதர் தன் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய அதே ஊர். பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் படிக்க வேண்டிய வயதில், 1911-ல், நௌம்பர்க் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து பெர்லின் அருகே இருந்த பெரிய ராணுவப் பள்ளிக்குப் போனார். அவர் பயிற்சி முடிக்கும் நேரத்தில் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. ஜெர்மனி தோற்றிருந்தது.

தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் ஒரு கட்டுப்பாடு போட்டது. மொத்த ராணுவத்திலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஒரு லட்சத்துக்குள் இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. 1920-ல் வெங்க் உள்ளே நுழைந்தார். இருபது ஆண்டுகளில் படிப்படியாக மேலே வந்தார்.

அவருடைய வேலை துப்பாக்கியோடு முன்னால் ஓடுவது அல்ல. எந்தப் படை எந்தச் சாலையில் எப்போது போக வேண்டும், பெட்ரோல் எங்கிருந்து வரும், பாலம் உடைந்தால் மாற்று வழி என்ன என்று திட்டமிடும் 'ஸ்டாஃப் ஆபீஸர்' வேலை. இன்றைய கார்ப்பரேட் பாஷையில் சொன்னால் ஆபரேஷன்ஸ் ஆள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1945-ல் இதுதான் கைகொடுக்கப்போகிறது.

பிரான்ஸ், லெனின்கிராட், ஸ்டாலின்கிராட்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது வெங்க், முதலாவது பேன்சர் டிவிஷனின் ஆபரேஷன்ஸ் அதிகாரி. பேன்சர் என்றால் டாங்க் படை. போலந்து, பிரான்ஸ் என்று ஜெர்மனி மின்னல் வேகத்தில் ஜெயித்த போர்களில் முன்வரிசையில் ஓடிய டிவிஷன் அது.

1941-ல் ஹிட்லர் சோவியத் யூனியன் மீது படையெடுத்தார். வெங்கின் டிவிஷன் வடக்கே போய், செப்டம்பரில் லெனின்கிராட் நகரின் வாசல் வரை வந்தது. அதன்பிறகு அந்த டிவிஷன் மாஸ்கோ பக்கம் அனுப்பப்பட்டாலும், லெனின்கிராட் முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. பசியால் மட்டுமே பல லட்சம் பேர் செத்தார்கள். வெங்கின் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். நாம் அப்படித் தாண்ட முடியாது. இதற்குத் திரும்ப வருவோம்.

1942 நவம்பரில் ஸ்டாலின்கிராட் அருகே சோவியத் படைகள் பெரிய எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. அங்கே ஜெர்மனிக்குத் துணையாக நின்ற ருமேனியாவின் மூன்றாவது ஆர்மி சிதறிப்போனது. அதைத் தூக்கி நிறுத்த அனுப்பப்பட்டவர் வெங்க். போனால், அங்கே படை என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. யூனிட்டைத் தொலைத்தவர்கள், லீவு முடிந்து திரும்பியவர்கள், சமையல்காரர்கள், டிரைவர்கள் என்று கையில் கிடைத்தவர்களை வைத்து ஒரு தடுப்பு வரிசையை உருவாக்கினார்.

இந்த இடத்தில் போர் வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு சுவாரசியமான சம்பவத்தைச் சொல்வதுண்டு. சாலையில் தத்தளித்த வாகனங்களை இழுக்க, பெட்ரோல் கிடைக்கும் இடம் என்று போர்டு வைத்தாராம். பெட்ரோல் போட வந்தவர்களை அப்படியே தன் படையில் சேர்த்துக்கொண்டாராம். எதுவும் இல்லாத இடத்தில் ஒரு படையைத் தேற்றுவார் என்ற பெயர் அவருக்கு அந்தக் குளிர்காலத்தில் வந்தது. டிசம்பர் 28-ல் நைட்ஸ் கிராஸ் விருதும் கிடைத்தது.

1944 ஜூலைக்குள் ராணுவத் தலைமையகத்துக்கே வந்துவிட்டார். டாங்க் போர்முறைக்குப் பெயர்போன ஜெனரல் குடேரியனுக்கு அடுத்த இடத்தில் இருந்து கிழக்குப் போர்முனையின் திட்டங்களைக் கவனித்தார். ஹிட்லரின் கூட்டங்களில் அடிக்கடி உட்கார்ந்தார்.

ஒரு கார் விபத்து

1945 பிப்ரவரி. சோவியத் படைகள் பெர்லினிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ஓடர் நதி வரை வந்துவிட்டன. எதிர்த்து ஒரு தாக்குதல் நடத்த வேண்டும். அந்தப் பகுதிக்குத் தளபதியாக ஹிட்லர் போட்டிருந்தது யாரை? எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரை. பெரிய படையை நடத்திய அனுபவம் அவருக்கு அதிகம் கிடையாது. தாக்குதலை வெங்க் கையில் கொடுங்கள் என்று குடேரியன் ஹிட்லரோடு இரண்டு மணி நேரம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினார்.

தாக்குதல் தொடங்கி இரண்டு, மூன்று நாள்தான் ஆனது. பகலில் போர்முனை, இரவில் பெர்லினில் ஹிட்லரிடம் ரிப்போர்ட் என்று வெங்க் ஓடிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 17 இரவு, திரும்பும் வழியில் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் வெங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவரும் தூங்கிவிட்டார். கார் பாலத்தின் தடுப்பில் மோதியது. மண்டையிலும் விலா எலும்புகளிலும் பலத்த அடி. மறுநாளே அந்தத் தாக்குதல் கைவிடப்பட்டது.

வெங்க் நன்றாக இருந்திருந்தால் ஜெயித்திருக்குமா? வாய்ப்பே இல்லை. அந்த அளவுக்குப் படைபலம் ஜெர்மனியிடம் அப்போது இல்லை. ஆனால், விபத்தால் அவர் ஆறேழு வாரம் படுக்கையில் இருந்தார். உடம்பு முழுசாகத் தேறும் முன்பே, இடுப்பைச் சுற்றி ஆதரவுக் கட்டோடு, அடுத்த பொறுப்பு வந்துவிட்டது.

காகிதத்தில் பிறந்த 12-வது ஆர்மி

1945 ஏப்ரல் 10-ல் வெங்க் 12-வது ஆர்மியின் தளபதியாக நியமிக்கப்பட்டார். வயது 44.

ஒரு சின்ன விளக்கம். நாம் 'ஆர்மி' என்றால் ஒரு நாட்டின் மொத்த ராணுவத்தையும் நினைப்போம். இங்கே அப்படி அல்ல. ஒரு நாட்டின் ராணுவத்துக்குள்ளேயே பல ஆர்மிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பல டிவிஷன்கள். 12 என்ற எண்ணில் போரின் தொடக்கத்தில் ஒரு ஆர்மி இருந்தது. அது வேறு. இது புதிதாகப் பிறந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் மறைந்தும்போனது.

இதன் டிவிஷன்களுக்கு எண்கள் கிடையாது, பெயர்கள்தான். கிளாஸ்விட்ஸ், ஷார்ன்ஹார்ஸ்ட், உல்ரிக் ஃபான் ஹூட்டன், தியோடர் கோர்னர் என்று ஜெர்மன் வரலாற்றில் மதிப்புப் பெற்ற போர்ச் சிந்தனையாளர், தளபதி, அறிஞர், கவிஞர் ஆகியோரின் பெயர்கள். பெயர்கள்தான் கம்பீரம். உள்ளே இருந்தவர்களில் பலர் 17, 18 வயதுப் பையன்கள். அதிகாரிப் பயிற்சிப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தவர்களையும், கட்டாயத் தொழிலாளர் சேவையில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டாங்குகள் கொஞ்சம். விமானப் பாதுகாப்பு பெயருக்குத்தான்.

முதலில் இந்தப் படைக்குக் கொடுத்த வேலை பெர்லின் அல்ல. மேற்கே ரூர் தொழில் பகுதியில் அமெரிக்கர்களிடம் சிக்கியிருந்த ஜெர்மன் படைகளை மீட்க வேண்டும். வெங்க் பொறுப்பேற்ற அடுத்த நாளே அமெரிக்கப் படை எல்பே நதியைத் தொட்டுவிட்டது. ஏப்ரல் 18-க்குள் ரூரில் சிக்கிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சரணடைந்துவிட்டார்கள். எந்த வேலைக்காக உருவாக்கினார்களோ, அந்த வேலையே காலி!

இதற்கிடையே இன்னொரு கூட்டம் எல்பே பக்கம் வந்துகொண்டிருந்தது. கிழக்குப் பிரஷ்யா, சைலீசியா, பொமரேனியா பகுதிகளிலிருந்து சோவியத் படைக்குப் பயந்து ஓடிவந்த ஜெர்மன் மக்கள். கைவண்டி, குதிரைவண்டி, தோளில் குழந்தை. சோவியத் வீரர்கள் நுழைந்த ஊர்களில் பழிவாங்கலும், பெண்கள் மீது பெரிய அளவில் பாலியல் வன்முறையும் நடந்தன. அந்தப் பயம் கற்பனை அல்ல. வெங்க் தன் படையின் வாகனங்களையும் உணவு இருப்பையும் இந்த மக்களுக்கும் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் நாட்களுக்குப் பிறகு அவர் முதலில் பார்த்த போர், இந்தக் கூட்டம்தான்.

நள்ளிரவில் வந்த ஃபீல்டு மார்ஷல்

இப்போது மறுபடியும் மீம் காட்சிக்கு வருவோம்.

ஏப்ரல் 22 கூட்டத்தில் ஹிட்லர் உடைந்துபோன பிறகு, அவருடைய தளபதிகள் ஒரு யோசனை சொன்னார்கள். அமெரிக்கர்கள் எல்பேவைத் தாண்டி வரப்போவதில்லை போலத் தெரிகிறது. அப்படியானால், அவர்களைப் பார்த்து நிற்கும் வெங்கின் படையை அப்படியே திருப்பி பெர்லினுக்கு அனுப்பலாமே? அமெரிக்கர்கள் எல்பேயில் நின்றது உண்மைதான். ஆனால், பெர்லினை முற்றுகையிட்டிருந்த சோவியத் படையில் லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வெங்கிடம் இருந்தது சில டிவிஷன்கள்.

அன்று நள்ளிரவு தாண்டி, ஃபீல்டு மார்ஷல் கைட்டெல் நேரில் வந்தார். வெங்கின் முகாம் ஒரு காட்டு அதிகாரியின் வீட்டில் இருந்தது. பெர்லினையும் ஹிட்லரையும் மீட்க வேண்டும் என்று கைட்டெல் உத்தரவு போட்டார். வெங்க் அவரிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். கைட்டெல் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு தன் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கிழக்கு நோக்கித் தாக்குவோம், ஆனால் எல்பே கரையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது அவர் எடுத்த முடிவு. பெர்லினைப் பிடிப்பது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். நடக்கக்கூடியது ஒன்றுதான். பெர்லினுக்குத் தென்கிழக்கே காட்டுக்குள் சிக்கியிருந்த 9-வது ஆர்மிக்கும், அதோடு மாட்டிக்கொண்ட மக்களுக்கும் ஒரு வழி திறக்கலாம். எல்லோரையும் மேற்கே கூட்டிக்கொண்டு எல்பேவைத் தாண்டி அமெரிக்கர்களிடம் சரணடையலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உத்தரவுப்படி படை கிழக்கே நகர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கீழ்ப்படிதல். ஆனால், நோக்கம் முழுசாக மாறிவிட்டது. அந்த நாட்களில் வெள்ளைக் கொடி காட்டியதற்காகவே சொந்த மக்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த ஆட்சி அது. வெளிப்படையாக மறுத்திருந்தால் வேறொருவரைத் தளபதியாகப் போட்டிருப்பார்கள். படை பெர்லின் தெருக்களில் அழிந்திருக்கும்.

பெர்லினுக்குள்ளோ வேறு கதை ஓடியது. வெங்க் வந்துகொண்டிருக்கிறார், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடியுங்கள் என்று பிரசாரம் நடந்தது. அதை நம்பி எத்தனையோ பேர் இடிபாடுகளுக்கு நடுவே சண்டையைத் தொடர்ந்தார்கள். தன் பெயர் பெர்லினில் சாவை நீட்டிக்கிறது என்பது, வெங்கால் தடுக்க முடியாத ஒன்று.

பேலிட்ஸ்: 3,000 காயமடைந்தவர்கள்

ஏப்ரல் 25-ல் பெர்லினைச் சுற்றிய சோவியத் வளையம் மூடியது. ஏப்ரல் 28-ல் வெங்கின் படை முழு வேகத்தில் வடகிழக்கே பாய்ந்தது. ஜெனரல் கோலர் தலைமையில் போன டிவிஷன்கள் எதிர்பாராத இடத்தில் அடித்ததால் சோவியத் படை கொஞ்சம் தடுமாறியது.

பெர்லினுக்குத் தென்மேற்கே பேலிட்ஸ் என்ற ஊரில், காட்டுக்கு நடுவே பெரிய ஆஸ்பத்திரி வளாகம் ஒன்று இருந்தது. காசநோயாளிகளுக்காகக் கட்டியது. இன்று அங்கே மரங்களின் உச்சியை ஒட்டி நடக்க ஒரு பாலம் இருக்கிறது, டூரிஸ்டுகள் செல்ஃபி எடுக்கிறார்கள். அன்று அங்கே சுமார் 3,000 காயமடைந்தவர்கள் இருந்தார்கள். வெங்கின் பையன்கள் அந்த இடத்தை மீட்டு, காயமடைந்தவர்களை மேற்கே அனுப்பிவைத்தார்கள்.

படையின் முனை ஷ்வீலோ ஏரி வரை வந்தது. பெர்லின் அங்கிருந்து 30-40 கிலோமீட்டர். அதுக்கு மேல் ஒரு அடி நகர முடியவில்லை. ஆனால், பக்கத்தில் போட்ஸ்டாமில் மாட்டியிருந்த ஜெர்மன் வீரர்கள் ஏரிகள் வழியாகத் தப்பி அவர்களோடு வந்து சேர முடிந்தது.

ஏப்ரல் 29 இரவு ஹிட்லர் கடைசியாக ரேடியோவில் அனுப்பிய கேள்விகளில் முதலாவது, வெங்கின் முன்னணி எங்கே என்பதுதான். பதில் வந்தது. வெங்க் ஷ்வீலோ ஏரிக்குத் தெற்கே நின்றுவிட்டார், இனி பெர்லின் நோக்கித் தாக்க முடியாது. 30-ம் தேதி மதியம் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

ஹால்பே காட்டிலிருந்து வந்தவர்கள்

ஹிட்லர் செத்த பிறகும் வெங்க் உடனே பின்வாங்கவில்லை. காரணம், அவர் காத்திருந்தவர்கள் இன்னும் வரவில்லை.

ஜெனரல் புஸ்ஸேயின் 9-வது ஆர்மி, ஹால்பே என்ற கிராமத்தைச் சுற்றிய காட்டில் சிக்கியிருந்தது. பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் என்று ஊர் ஊராகக் கிளம்பிய மக்களும் உள்ளே இருந்தார்கள். மேற்கே உடைத்துக்கொண்டு வர அவர்கள் பல நாள் முயன்றார்கள். பீரங்கிக் குண்டுகள் மர உச்சியில் வெடித்து, மரச் சிதறல்களே உயிரைக் குடித்தன. இன்று ஹால்பேயில் இருக்கும் காட்டுக் கல்லறையில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் பலருக்குப் பெயரே தெரியாது.

மே 1 காலை, அந்தக் காட்டிலிருந்து தப்பியவர்கள் பேலிட்ஸ் அருகே வெங்கின் வரிசையை வந்தடைந்தார்கள். சுமார் 25 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வீரர்கள், கூடவே சில ஆயிரம் மக்கள். நடக்கவே தெம்பில்லாமல், பசியும் தூக்கமின்மையுமாக வந்தார்கள். சண்டை போட இவர்களால் இனி எந்த உபயோகமும் இல்லை. ராணுவக் கணக்குப்படி பார்த்தால் இது வீண் முயற்சி. வெங்க் போட்ட கணக்கு வேறு. லாரி, ரயில் என்று கிடைத்ததில் எல்லாம் ஏற்றி எல்பே பக்கம் அனுப்பத் தொடங்கினார்.

உடைந்த பாலத்தின் மேல்

இனி இருந்தது கடைசி கட்டம். எல்பேவைத் தாண்ட வேண்டும். அக்கரையில் அமெரிக்கர்கள். அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

வெங்க் சார்பில் ஜெனரல் எடல்ஸ்ஹைம் நதியைத் தாண்டிப் போனார். மே 4-ல் ஸ்டெண்டால் நகர மன்றக் கட்டடத்தில் பேச்சு நடந்தது. அமெரிக்கர்கள் வீரர்களையும் காயமடைந்தவர்களையும் ஏற்கச் சம்மதித்தார்கள். ஆனால், பாலம் கட்டித் தர மாட்டோம், பொதுமக்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். சோவியத் யூனியன் அமெரிக்காவின் கூட்டாளி. அவர்கள் கைக்குப் போகவேண்டிய பகுதியின் மக்களை இழுத்துக்கொண்டால் பிரச்சினை வரும் என்று அவர்கள் தயங்கினார்கள்.

யாரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டார்களோ, அவர்களுக்கே கதவு மூடப்பட்டது.

மே 5 முதல் 7 வரை மூன்று இடங்களில் ஆட்கள் தாண்டினார்கள். முக்கியமான இடம் டாங்கர்முண்டே. அங்கே இருந்த பாலத்தை ஜெர்மன் படையே ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்த்திருந்தது. தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த இரும்புச் சட்டங்களின் மேல் பலகை போட்டு, ஆள் பின்னால் ஆளாக நடந்தார்கள். பெண்களில் சிலர் ராணுவக் கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வீரர்களோடு கலந்து போனார்கள். படகு கிடைக்காதவர்கள் தெப்பம் கட்டினார்கள், நீந்தினார்கள். நீரோட்டத்தில் போனவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், கிழக்குக் கரையில் வெங்கின் படை ஒரு வளையம் போட்டு சோவியத் படையைத் தடுத்து நின்றது. வளையம் மணிக்கு மணி சுருங்கியது. சோவியத் குண்டுகள் நதிக்கரை வரை விழத் தொடங்கியதும், அமெரிக்க வீரர்கள் பாதுகாப்புக்காகக் கரையை விட்டுக் கொஞ்சம் பின்னால் போனார்கள். சோதனை செய்ய ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏராளமான பொதுமக்கள் அக்கரை போனார்கள்.

சுமார் ஒரு லட்சம் வீரர்கள் எல்பேவைத் தாண்டினார்கள். பொதுமக்களின் எண்ணிக்கையை யாரும் பதிவேட்டில் எழுதிவைக்கவில்லை. பல பத்தாயிரம் பேர் என்பதில் சந்தேகம் இல்லை. மே 7-ல், கடைசியாகத் தாண்டியவர்களில் ஒருவராக, சோவியத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஒரு படகில் ஏறினார் வெங்க். 12-வது ஆர்மியின் கதை அதோடு முடிந்தது. பொறுப்பேற்று 27 நாட்கள்.

அப்போ ஹீரோதானா?

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் ஒரு ஃபீல்குட் படம் மாதிரி இருக்கும். நிறுத்த முடியாத காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று. அந்த மக்கள் சோவியத் படைக்குப் பயந்து ஓடினார்களே, அந்தப் படை ஏன் அவ்வளவு வெறியோடு வந்தது? ஜெர்மனி தொடங்கிய போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் இறந்தார்கள். ஊர்கள் எரிக்கப்பட்டன, யூதர்கள் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்டார்கள், லெனின்கிராட் பட்டினி போடப்பட்டது. அந்தப் படையெடுப்பை நகர்த்திய திட்ட அதிகாரிகளில் வெங்கும் ஒருவர். 1941-ல் கிழக்கே போகும் சாலைகளைக் கணக்குப் போட்ட அதே திறமைதான், 1945-ல் மேற்கே திரும்பும் சாலைகளையும் கணக்குப் போட்டது. இது சோவியத் வீரர்கள் செய்த வன்முறையை நியாயப்படுத்தாது. ஆனால், அகதிகள் கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பதைச் சொல்லும்.

இரண்டு. வெங்க் திறந்த வழி ஜெர்மானியர்களுக்கானது. அதே ஏப்ரலில், எல்பேவுக்கு மேற்கே, ஸ்டெண்டாலுக்குப் பக்கத்தில் உள்ள கார்டலேகன் ஊரில், வதை முகாம்களிலிருந்து நடத்திக் கூட்டிவந்த 1,016 கைதிகளை ஒரு தானியக் கொட்டகையில் அடைத்து எரித்தும் சுட்டும் கொன்றார்கள். நாள், ஏப்ரல் 13. வெங்க் பொறுப்பேற்று மூன்றாவது நாள். அதைச் செய்தது அவருடைய படை என்று சொல்ல முடியாது. ஆனால், ஜெர்மனி தன் மக்களைக் காப்பாற்றப் போராடிய அதே நாட்களில், அதே நிலப்பரப்பில், காப்பாற்ற யாருமே வராத மனிதர்களும் இருந்தார்கள்.

மூன்று. ஹிட்லரின் ஆட்சிக்கு அவர் 12 வருடம் உழைத்திருக்கிறார். உத்தரவு யாருக்காக என்ற கேள்வி அவருக்கு வந்தது கடைசி மூன்று வாரத்தில்தான். எல்லாம் தோற்ற பிறகு, சாகப்போவது சொந்த மக்கள் என்று தெரிந்த பிறகு.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அதே நிலைமையில், அதே உத்தரவு வாங்கிய தளபதிகள் பலர், பையன்களைச் சாகக் கொடுத்து உத்தரவை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டினார்கள். சிலர் படையை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பினார்கள். வெங்க் இரண்டையும் செய்யவில்லை. வரிசையில் கடைசியில் நின்றார். பேலிட்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறிய 3,000 பேருக்கும், உடைந்த பாலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணுக்கும் அது பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசம் 1941-ஐ அழிக்காது. 1941-ம் அந்த வித்தியாசத்தை அழிக்காது.

அப்புறம் என்ன ஆனார்?

வெங்க் அமெரிக்கர்களிடம் போர்க் கைதியாக இருந்து 1947 இறுதியில் விடுதலையானார். ராணுவம் தவிர வேறு வேலை தெரியாத மனிதர், வணிகப் பிரதிநிதியாக வேலைக்குச் சேர்ந்தார். ஆபரேஷன்ஸ் மூளை அங்கேயும் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் நிர்வாகக் குழுவுக்கு உயர்ந்தார். பின்னர் ஓர் ஆயுத உற்பத்தி நிறுவனத்தின் உயர் பதவிக்கும் போனார்.

1957-ல், மேற்கு ஜெர்மனி புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ராணுவத்தின் தலைமைப் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டது. அவர் வைத்த நிபந்தனைகள் ஒத்துவராததால் அது நடக்கவில்லை.

1982 மே 1. ஹால்பே காட்டிலிருந்து தப்பியவர்கள் அவருடைய வரிசையை வந்தடைந்து சரியாக 37 ஆண்டுகள் ஆன நாள். ஆஸ்திரியாவில் நடந்த கார் விபத்தில் வெங்க் இறந்தார். வயது 81.

எல்பேவைத் தாண்டியவர்களுக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. 1945 ஜூலையில், நேச நாடுகள் முன்பே போட்டிருந்த ஒப்பந்தப்படி, டாங்கர்முண்டேயும் ஸ்டெண்டாலும் சோவியத் வசம் போனது. அக்கரை வந்துவிட்டோம், பிழைத்தோம் என்று அங்கேயே தங்கியவர்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை அந்த ஹிட்லர் மீம் உங்கள் ஃபோனில் வந்தால், சிரித்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த அறைக்கு வெளியே, ஒரு மனிதர் கடைசி நேரத்தில் எடுத்த முடிவால் உயிர் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அதே முடிவை அவரைப் போன்றவர்கள் நான்கு வருடம் முன்பே எடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களும் இருந்தார்கள்.